ஓர் உகரத்தால் வந்த வினை

எனக்குக் காப்பி போடத் தெரியாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. போடிநாயக்கனூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கி, என் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வழி கேட்டால் எல்லாரும் விழிப்பார்கள்; "காப்பி டீச்சர் வீடு" என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். வலி மிகும் இடத்தில் மிகுவித்து, மிகா இடத்தில் விலக்கி, சொல்லுக்கே வாழ்க்கையைக் கொடுத்த ஒருத்திக்கு ஊர் சூட்டிய பட்டம் இது. ஊரைக் குறைசொல்ல எனக்கு வழியில்லை. அந்தப் பட்டத்தை ஒலிபெருக்கியில் முழங்கியவளே நான்தான்.

அப்போது நான் வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன தமிழாசிரியை. பிறமொழிச் சொல் காதில் விழுந்தால் கொசு கடித்தாற்போலச் சொறிந்துகொள்ளும் பருவம். (வீட்டில் 'ஃபேனப் போடு' என்றால் போட மாட்டேன். 'மின்விசிறி' என்ற சொல் வரும்வரை என் கணவர் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர்.) எங்கள் ஊரில் ஓர் இளையோர் மன்றம் உண்டு. விடுமுறை நாள்களில் பிள்ளைகளைக் கூட்டி முதலுதவி, முடிச்சுப் போடுதல், மலையேற்றம் முதலியவற்றைக் கற்றுத்தரும். கற்றுத்தருவோர் அனைவரும் ஊதியம் பெறாத தொண்டர்கள். மெஸ் நடத்துபவர், ஏலக்காய்க் கடையில் இருப்பவர், கல்லூரி மாணவர் என்று பலர்.

அவ்வாண்டு மன்றத்தின் தலைமையிலிருந்து ஓர் ஆணை வந்தது. பிள்ளைகளோடு பழகும் தொண்டர் ஒவ்வொருவரையும் விசாரித்த பின்பே சேர்க்க வேண்டும். பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. பிள்ளையின் மனத்தில் ஏதேனும் உறுத்தினால் போய்ச் சொல்வதற்கென்று பொறுப்பான ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆணை ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் தலைவர் அதை என்னிடம் நீட்டி, பெண்பிள்ளைகளும் வருவதால் அந்த ஆள் நானாகவே இருக்கட்டும் என்றும், பதவிக்கு அழகாகத் தமிழில் ஒரு பெயர் வைத்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொண்டார்.

பசித்தவளுக்கு இலை போட்டாற்போல ஆயிற்று. 'பாதுகாப்பு அலுவலர்' என்றால் ஆலை வாயிலில் கோலூன்றி நிற்பவர் நினைவுக்கு வருகிறார். ஒரு வாரம் தேடிக் கண்டடைந்தேன்: 'காப்புப் பொறுப்பாளர்'. காப்பு! நூலின் தொடக்கத்தில் பாடுவது காப்பு. திருவிழாவுக்குக் கட்டுவது காப்பு. கையில் பூணுவதும் காப்பு. காவல்துறையார் மாட்டுவதும் காப்புதான் என்று கணவர் நினைவூட்டினார். பொருட்படுத்தவில்லை.

ஆணையிலிருந்த விதிகளையும் பெயர்த்தேன். பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது பெரியவர் இருவர் உடன்செல்ல வேண்டும் என்ற எளிய செய்தி என் கையில், 'இருவர் நெறி: சிறாருடன் செல்லுங்கால் எஞ்ஞான்றும் இருவராதல் வேண்டும்' என்று ஆயிற்று. 'எஞ்ஞான்றும்' அங்கே எதற்கு என்று இன்று எனக்கே விளங்கவில்லை. அன்று அஃதில்லாமல் வாக்கியம் நொண்டுவதாகத் தோன்றியது.

தொண்டர் கூட்டத்தில் இதைப் படித்தேன். படித்து முடித்ததும் பெரும் அமைதி. என் நடையில் அவர்கள் மெய்ம்மறந்துவிட்டதாகக் கருதிக்கொண்டேன். மெஸ் நடத்தும் சுருளி அண்ணன்தான் அமைதியைக் கலைத்தார்.

"யாருக்கு டீச்சர் நெறி கட்டியிருக்கு? கழுத்துலயா?"

விசாரணையும் சிரிப்பாகத்தான் நடந்தது. ஒவ்வொரு தொண்டருக்கும் நன்கறிந்தவர் ஒருவர் நற்சான்று தர வேண்டும். சுருளி அண்ணன் தம் மாமனாரைக் காட்டினார். மாமனார் என்னை உட்காரவைத்து, மருமகனைப் பற்றிய மனக்குறைகளைக் கலியாணத்தில் தொடங்கி வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஆனா பிள்ளைகள அவன நம்பி விடலாம் டீச்சர், சீட்டுக்கட்டத்தான் விடக் கூடாது" என்று முடித்தார். இதைவிடத் தெளிவான நற்சான்றை நான் இதுவரை பார்த்ததில்லை. சுருளி அண்ணனும் அவர் மனைவி ராசாத்தி அக்காளும் முகாம்களில் சமையலையும் காப்பியையும் கவனிப்பார்கள் என்று முடிவாயிற்று.

முதல் முகாம் குரங்கணிக்கு மேலே, ஒரு காப்பித் தோட்டத்தின் காயவைக்கும் களத்தில். காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடும் ஒரு பகல் முகாம்தான். அதற்குச் சிலமலையிலிருந்து பாண்டீஸ்வரி என்ற ஏழாம் வகுப்புப் பிள்ளை பெயர் கொடுத்திருந்தாள். அவ்வூரிலிருந்து அதுவரை எந்தப் பெண்பிள்ளையும் மன்றத்தோடு வெளியே வந்ததில்லை. அவளுக்கு உண்மையில் வேண்டியிருந்தது குரங்கணி அன்று. கோடையில் கொடைக்கானலில் நடக்கவிருந்த பெரிய முகாம். நட்சத்திரம் பார்க்கக் குழாய் வைத்திருப்பார்களாமே என்று பள்ளியில் என்னிடம் நாள்தோறும் கேட்பாள். தடையாக நின்றவர் அவள் தந்தை பால்ச்சாமி. வாழையும் கத்தரியும் போடும் விவசாயி. ஒரு சொல்லைப் பேசுமுன் அதை உள்ளேயே எடைபோட்டுப் பார்ப்பவர்.

வீட்டுக்கே போய்ப் பேசினேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"எம்பிள்ள எவன் வண்டியிலயும் தனியா ஏறக் கூடாது. நான் தேடுனா கண்ணு முன்னால நிக்கணும். இது நல்லபடியா முடிஞ்சாத்தான் டீச்சர் கொடைக்கானலு. ஒண்ணு பிசகுனாலும் அத மறந்துர வேண்டியதுதான்."

"ஐயம் வேண்டா. காப்புப் பொறுப்பாளர் யானே" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்சம் குழப்பத்தோடு பார்த்தார். தமிழின் இனிமை தாக்கியதாக நினைத்துக்கொண்டேன்.

முகாம் நாள். ஜீப்புகள் மேலேறிக் களத்தில் பிள்ளைகளை இறக்கின. குரங்கணியில் காலைக் காற்று பலம். ஒலிபெருக்கியோ கல்யாண வீடுகளில் அடிபட்டுத் தொண்டை கட்டிப்போன கிழட்டுக் கருவி. நான் அதைப் பற்றிக்கொண்டு அறிவித்தேன்: "சிறாரே! உம் உள்ளத்தில் எவ்வகை ஐயம் எழுந்தாலும் உடனே காப்புப் பொறுப்பாளரிடம் உரைத்திடுக. ஐயம் தீரும்வரை காப்புப் பொறுப்பாளரை விட்டு அகலற்க. இருவர் நெறி போற்றுக."

சொல்லின் இறுதியில் குறுகி ஒலிக்கும் உகரம், யகரம் வந்தால் இகரமாய்த் திரியும் என்று வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். குரங்கணியில் காற்று வந்தாலே திரியும் என்பது எந்த இலக்கணத்திலும் இல்லை. களத்திலிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது 'காப்பிப் பொறுப்பாளர்'.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரியவர்களும் பிள்ளைகளும் அதை வெவ்வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். பெரியவர்கள் பார்த்தது, ஒலிபெருக்கியைப் பிடித்திருந்த பெண்ணொருத்தியை. பொறுப்பாளர் கூட்டத்தில் ஒரே பெண். அவளே தன் வாயால் காப்பிக்குப் பொறுப்பு என்கிறாள். இதில் ஐயப்பட என்ன இருக்கிறது? பிள்ளைகளோ கண்ணால் கண்டதை நம்புபவர்கள். அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் சுருளி அண்ணன். ஆகவே மனத்தில் ஏதும் உறுத்தினால் சுருளி அண்ணனிடம் போக வேண்டும் என்று அவர்கள் கணக்காகப் பிடித்துக்கொண்டார்கள்.

முற்பகலில் ஏலக்காய்க் கடைக்காரர் வந்தார். கையில் காலிக் குவளை. "டீச்சர், காப்பி" என்றார். நான் கழுத்தை நிமிர்த்தி, அதற்கு வேறு ஆள் உண்டு என்றேன். அவர் போய் இன்னும் இருவரோடு வந்தார். அடுப்படியில் ஆளைக் காணவில்லை, நீங்கள்தானே பொறுப்பு என்றார்கள். இந்தக் கட்டத்தில் 'அது காப்பி இல்லண்ணே, காப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் 'காப்பி' என்ற பிறமொழிச் சொல்லை என் நாவால் தீண்டுவதா? "நான் குளம்பிப் பொறுப்பாளர் அல்லேன்!" என்றேன்.

காப்பிக்குக் 'குளம்பி' என்று தமிழில் ஆக்கிவைத்திருப்பது களத்தில் இருந்தவர்களில் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கடைக்காரர் திரும்பிப் போய் மற்றவர்களுக்கு விளக்கியது என் காதில் விழுந்தது.

"காப்பி டீச்சர் இல்லையாம்ப்பா. கொழம்பாம்."

"பெறகு காப்பின்னு ஏன் மைக்குல சொல்லணும்?"

"ரெண்டும் பாக்க முடியாதுல்ல. ஒத்தப் பொம்பள."

நண்பகல் உணவு நேரமாயிற்று. சுருளி அண்ணனையும் ராசாத்தி அக்காளையும் இன்னும் காணவில்லை. சோறும் குழம்பும் ஆக்கி மூடிவைத்திருந்தது. 'கொழம்பு டீச்சர் வந்தாத்தான் ஊத்தணும்' என்று தொண்டர்கள் ஒதுங்கி நின்றதால் பிள்ளைகள் பசியோடு வரிசையில் காத்திருந்தார்கள். வேறு வழியின்றிக் கரண்டியைக் கையில் எடுத்தேன். எல்லாருக்கும் ஊற்றி முடித்த பின் ஒரு தட்டு மிஞ்சியது.

பிள்ளைகளை எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். பாண்டீஸ்வரி இல்லை.

இப்போது சொல்கையில் சிரிப்பாக இருக்கிறது. அப்போது இல்லை. களத்துக்குக் கீழே சரிவு. சரிவெல்லாம் காப்பிச் செடி, அதற்கும் கீழே ஓடை. செல்பேசிக்கு அங்கே அலை எட்டாது. ஊதலை எடுத்து ஊதினேன், கூப்பிட்டேன், செடிவரிசைகளுக்குள் ஓடினேன். (கரண்டியைக் கீழே வைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) திரும்பி வருகையில் கார்த்தி என்ற கல்லூரி மாணவர் முகம் வெளுத்து எதிரே வந்தார். அவ்வாண்டு சேர்ந்த தொண்டர், நல்ல பிள்ளை.

"காலைல அந்தப் பிள்ளைக்குச் செருப்பு வாரு அத்துப்போச்சு டீச்சர். பைக்ல ஏறு, கீழ ஊருக்குப் போயி வெரசா வாங்கியாந்துரலாம்னேன். ஏற மாட்டேன்னுருச்சு."

"தனியாகவா அழைத்தீர்கள்? நான் என்ன நெறி சொன்னேன்?"

"இருவர்னு சொன்னீக." அவர் உண்மையாகவே விழித்தார். "நானு, அது. இருவர்தான டீச்சர்?"

நான் நின்றுவிட்டேன். எஞ்ஞான்றும் இருவராதல் வேண்டும். அந்த இருவரும் பெரியவராக இருக்க வேண்டும் என்று என் வாக்கியத்தில் எங்குமே இல்லை. ஓசை நயத்துக்காக அந்த ஒரு சொல்லைத்தான் நான் வெட்டியிருந்தேன். ஒரு பிள்ளையை ஒருவர் தனியே அழைத்துப் போகக் கூடாது என்பதற்காக எழுந்த விதி, என் கையில் பட்டு, ஒருவர் ஒரு பிள்ளையைத் தாராளமாக அழைத்துப் போகலாம் என்று உரிமம் கொடுத்திருந்தது.

பிறகு அவள் எங்கே போனாள் என்று கேட்டேன்.

"'காப்பிப் பொறுப்பாளர்கிட்டச் சொல்லணும்'னு சொல்லிட்டுப் போச்சு. ஒங்ககிட்டத்தான் வந்திருக்கும்னு நெனச்சேன்."

'காப்பி' என்று அவர் சொன்ன அந்தக் கணத்தில், காலையிலிருந்து நடந்ததெல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றது. அடுப்படிக்கு ஓடினேன். காப்பி அடுப்பு தணிந்திருந்தது. ஓரமாக ஒரு குண்டானில் பால் திரிந்து கிடந்தது. ஜீப்புகளில் ஒன்றைக் காணவில்லை.

ஏலக்காய்ச் சுமை ஏற்றப்போகும் வேறொரு ஜீப்பு அந்நேரம் பார்த்துக் களத்தோரம் நின்றது. அதன் பின்புறத்திலிருந்து பால்ச்சாமி இறங்கினார். இந்தப் பக்கம் ஒரு சோலி இருந்தது, அப்படியே பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்ததாகச் சொன்னார். (சிலமலை விவசாயிக்குக் குரங்கணி மலைமேல் நண்பகலில் என்ன சோலி என்று நான் கேட்கவில்லை, கேட்கும் நிலையிலும் இல்லை.) பிள்ளைகளை ஒருமுறை கண்ணால் துழாவிவிட்டு என்னிடம் வந்தார்.

"எங்க டீச்சர் எம்பிள்ள?"

பயத்தில் மனிதர்க்குத் தாய்மொழி வரும் என்பார்கள். எனக்குச் செய்யுள்நடை வந்தது. "அஞ்சற்க. காப்புப் பொறுப்பாளர்..." என்று தொடங்கினேன், கையில் குழம்பு சொட்டும் கரண்டியோடு.

"காப்பியெல்லாம் அப்பறம் குடிச்சுக்கிறலாம் டீச்சர்" என்றார் பால்ச்சாமி, தாழ்ந்த குரலில். "மொதல்ல பிள்ளையக் காட்டுங்க."

காட்டப் பிள்ளை இல்லை. உண்மையைச் சொன்னேன்: சுருளி அண்ணனிடம் போயிருக்கிறாள், அவரையும் காணவில்லை, எங்கே என்று எனக்குத் தெரியாது. 'தெரியாது' என்ற சொல்லை அவ்வளவு தெளிவாக நான் அதுவரை உச்சரித்ததில்லை. அவர் துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாதையில் இறங்க ஆயத்தமானார். அந்த இறுக்கத்தில் கொடைக்கானல் முடிந்துபோனது எனக்குத் தெரிந்தது.

அப்போது கீழ்வளைவில் ஜீப்பின் முனகல் கேட்டது. முன்னிருக்கையில் பால் கேனை மடியில் அணைத்தபடி ராசாத்தி அக்காள். அவருக்கும் சுருளி அண்ணனுக்கும் நடுவே, காலில் புதுச் செருப்போடு பாண்டீஸ்வரி.

நான் சுருளி அண்ணன்மேல் பாய்ந்தேன். எவரிடமும் சொல்லாமல் எப்படிப் போகலாம் என்றேன்.

"நான் யார்ட்டச் சொல்ல டீச்சர்?" அவருக்கு மெய்யாகவே மனம் புண்பட்டுவிட்டது. "எல்லாரும் எங்கிட்டல்ல வந்து சொல்லணும்னு நீங்க மைக்குல சொன்னீக? இம்புட்டுப் பெரிய பொறுப்ப ஒரு வார்த்த முன்கூட்டிக் கேக்காமக் குடுத்துட்டீகளேன்னு நானே மலைச்சுப்போயி நிக்கிறேன்."

அதற்குள் பாண்டீஸ்வரி தன் தந்தையிடம் நடந்ததைச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

"அந்த அண்ணே பைக்ல தனியாக் கூப்புட்டாருப்பா. நான் ஏறல. டீச்சர் சொன்னபடிக்குச் சுருளி மாமாகிட்டப் போயிச் சொன்னேன். பாலு திரிஞ்சுபோச்சுன்னு மாமா கீழ கெளம்புனாக. ஐயம் தீரும்வரை அகலற்கன்னு டீச்சர் சொன்னாகள்ல, அதான் அகலல. மாமா ஒத்தையாக் கூட்டிப் போகக் கூடாதுன்னு அத்தையையும் ஏத்திக்கிட்டாக."

களத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். என் விதிகள் ஒன்று விடாமல் கடைப்பிடிக்கப்பட்டிருந்தன. கடைப்பிடித்தவர்கள் ஒரு பிள்ளையும் அவளுக்குக் காப்பி கொடுத்த இருவரும். அவற்றை எழுதியவள் மட்டும் அந்நேரம் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

பால்ச்சாமி மகளின் செருப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு கார்த்தியைப் பார்த்தார். கார்த்தி தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் பால்ச்சாமி என்னிடம் திரும்பினார். அவர் சொல்லை எடைபோடும் நேரம் எனக்கு ஒரு தேர்வுக்காலம் போல நீண்டது.

"எவன் கூப்புட்டா ஏறக் கூடாதுன்னு இவளுக்கே தெரியுது டீச்சர். அது போதும் எனக்கு. கொடைக்கானலுக்கு விடுறேன்." இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆனா அங்க காப்பி யாருன்னு எனக்கு முன்னாலயே தெரியணும்."

'காப்பு' என்று திருத்த என் வாய் திறந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தைத் தொட்டும் விட்டது. அவருக்குப் பக்கத்தில் பாண்டீஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இந்த டீச்சர் இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் போயிற்று என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"விசாரிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட முதல் பிழை அது.

கார்த்தியைத் தலைவரும் நானுமாக உட்காரவைத்துப் பேசினோம். தவறு அவருடையது பாதி, என் இலக்கணத்துடையது பாதி என்று ஒப்புக்கொண்டேன். மறு பயிற்சி முடியும்வரை பிள்ளைகள் பக்கம் வராமல் கணக்கு வழக்குகளை மட்டும் பார்த்தார். இப்போது எங்கள் மன்றத்தில் அவரைவிடக் கண்டிப்பான தொண்டர் இல்லை. விதிகளையும் மாற்றி எழுதினேன். 'எந்தப் பெரிய ஆளும் ஒத்தப் பிள்ளையைத் தனியாகக் கூட்டிப் போகக் கூடாது. கூடவே இன்னொரு பெரிய ஆள் வேணும். மனசுக்குச் சரியில்லைன்னா உடனே தமிழ் டீச்சர்கிட்ட வந்து சொல்லு.' எழுதி முடித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் மட்டும் சரியான ஆளிடம் வந்து சேர்ந்தார்கள்.

கொடைக்கானலுக்கு மகளைக் கொண்டுபோய் விட்டவர் பால்ச்சாமியே. முகாம் வாயிலில், அங்கிருந்த பொறுப்பாளர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வரவேற்றிருக்கிறார். இவர் அவரைத் தாண்டிப் போய், "இங்க காப்பி யாரு?" என்று கேட்டு, அடுப்படியில் இருந்த சமையற்காரரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, மகளைப் பற்றிய அத்தனை விவரத்தையும் ஒப்படைத்துவிட்டுத்தான் மலையிறங்கியிருக்கிறார். பாண்டீஸ்வரி குழாய் வழியே சனிக்கோளின் வளையத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த ஆண்டு சிலமலையிலிருந்து ஒரு ஜீப்பு நிறையப் பெண்பிள்ளைகள் வந்தார்கள்.

அவர்களோடு சொல்லும் பரவிவிட்டது. சிலமலையிலும் போடியின் பாதித் தெருக்களிலும் பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் இன்று முதலில் கேட்பது, "அங்க காப்பி யாரு?" என்பதைத்தான். நான் ஒரு வாரம் தேடிக் கண்டடைந்த சொல்லை எவரும் சீந்தவில்லை. நான் தீண்ட மறுத்த சொல்லுக்கு ஊர் புதுப்பொருளே கொடுத்துவிட்டது. மொழி அப்படித்தான் வளரும் என்று மாணவர்க்குப் பாடம் நடத்தியவளும் நானே. ஆகையால் வழக்குத் தொடுக்க இடமில்லை.

சென்ற மாதம் எங்கள் மகனைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவதாக அறிவிப்பு வந்தது. என் கணவர் பள்ளி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, பேருந்து, தங்குமிடம், திரும்பும் நேரம் எல்லாம் ஒழுங்காக விசாரித்துவிட்டுக் கடைசியில் வெகு இயல்பாக, "சரிங்க, அங்க காப்பி யாரு?" என்றார்.

மறுமுனையில் எவரோ நிதானமாக விடை சொன்னார். கணவர் பேசியைக் கையால் பொத்திக்கொண்டு, கவலை தோய்ந்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"காப்பியே கெடையாதாம். டீ மட்டுந்தானாம். எப்பிடி நம்பிப் பிள்ளைய அனுப்ப?"